சனிக்கிழமை மூட்டை

மீட்டர் அக்கா டீயைத் திருப்பிக் கொடுக்கிற அழகை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சூலியா தெருவில் எங்கள் கடைக்கு எதிரே சோறும் குழம்பும் விற்கிற நாசி கண்டார் கடைக்காரர் அதை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தார். டீ பிடிக்காவிட்டால் மற்றவர்கள் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள், இல்லையென்றால் முகத்தைச் சுளித்து வேறு போடச் சொல்வார்கள். அக்கா இரண்டும் செய்யமாட்டார். கடைசிச் சொட்டு வரை குடிப்பார். காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு டீ ஆற்றுகிற இடத்துக்கே போவார். தூள் சரியாகத்தான் இருக்கிறது, தண்ணீர் கொதித்து ஆறின பிறகு ஊற்றியிருக்கிறீர்கள், அதனால்தான் சாயம் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு, காசையும் கொடுத்துவிட்டு வருவார்.

பிடிக்காத டீயை ஏன் முழுக்கக் குடிக்க வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"குடிச்சாத்தானே தம்பி என்ன தப்புன்னு தெரியும்" என்றார்.

முதல் ஆறு மாதம் அந்தக் கடைக்காரர் அக்காவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். இன்று அந்தத் தெருவில் அவர் டீயை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கு யார் காரணம் என்று கேட்டால் கைராசி என்பார். இருக்கட்டும்.

அக்கா சர்வேயர். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் மசாலாச் சரக்கை மூட்டை மூட்டையாகச் சோதித்து, இது இன்ன தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் வாங்குகிறவன் சரக்கை எடுப்பதா, விலையைக் குறைப்பதா, வேண்டாம் என்பதா என்று முடிவு செய்வான். அவர் கையில் எப்போதும் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று குத்தூசி. மூட்டையை அவிழ்க்காமல் வெளியிலிருந்தே குத்தி, உள்ளே இருப்பதில் ஒரு பிடியை இழுத்துவருகிற குழல் ஊசி. மற்றது ஈரம் பார்க்கிற மீட்டர். அதைப் பழைய பிஸ்கட் டின்னில், துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் கொண்டுவருவார். அந்த மீட்டர்தான் அவருக்குப் பெயர் கொடுத்தது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதினால், என்னைக் கேட்காமல் ஏன் எழுதினீர்கள் என்று காரணம் கேட்பார். ஆகவே வேண்டாம்.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மூன்று தலைமுறையாக எங்களுக்கு மசாலா வியாபாரம். கடை தீவில், சரக்கு வைக்கிற கிட்டங்கி அக்கரையில், பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில். வியாபாரத்தில் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானே ஊரில் பரப்பினேன் என்பது என் மனைவியின் கட்சி.

என் அத்தா காலத்துச் சர்வேயர் நோயில் படுத்த பிறகு, புதிதாக ஆள் தேடியபோது கிடைத்தவர் அக்கா. அதற்கு முன் பதினெட்டு வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. அங்கே கெட்ட சர்க்யூட் பலகையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட்டால் போதும். அக்கா ஸ்டிக்கரில் காரணத்தையும் எழுதி ஒட்டினார். சூப்பர்வைசர், எழுத நேரமாகிறது, எழுதாதே என்றார். எழுதாவிட்டால் நாளைக்கும் இதே பலகைதான் வரும் என்று அக்கா சொன்னார். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். வேலையை விட்டது அக்கா.

எங்களிடம் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு தாள் எழுதுவார். வெள்ளைத் தாள் எனக்கு. தரம், ஈரம், தூசி, முடிவு எல்லாம் அதில் இருக்கும். மஞ்சள் தாள், சரக்கை அனுப்பிய ஆளுக்கு. என்ன தப்பு, அது எதனால் வந்திருக்கும், அடுத்த முறை என்ன செய்தால் வராது என்று சின்னச் சின்ன எழுத்தில், யாருக்கும் புரிகிற எளிய ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதற்கு நான் தனியாகக் கூலி கொடுக்கவில்லை. அவர் கேட்கவுமில்லை.

எனக்கு அந்த மஞ்சள் தாள் பிடிக்காது. வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழிலில் குறை என்பது வாங்குகிறவனுக்குக் கிடைத்த துருப்புச் சீட்டு. அதை எதற்கு எதிராளிக்குக் காட்ட வேண்டும்? குறை இருக்கிறது என்று மட்டும் சொன்னால் அவன் பயப்படுவான், விலை இறங்கும். எதனால் குறை என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த வருடம் நிமிர்ந்து நிற்பான். என் அத்தா இதை எனக்குச் சொல்லித் தரவில்லை. ரத்தத்திலேயே வந்துவிட்டது.

ஒருமுறை ஆப்பிரிக்காவிலிருந்து எள் வந்தது. அந்த நாட்டை நான் வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன். சின்ன ஏற்றுமதியாளர், முதல் சரக்கு. எள்ளில் மண் கலந்திருந்தது. அக்கா ஒரு பிடியை வெள்ளைத் துணியில் கொட்டி, மண்ணை விரலால் தேய்த்து, இது வயல் மண் இல்லை, கதிர் அடிக்கிற தரையின் மண், விரிப்பு போட்டு அடித்தால் போய்விடும் என்று மஞ்சள் தாளில் எழுதினார். அனுப்ப முகவரி கேட்டார். நான் அனுப்புகிறேன் என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். அந்த ஆளுக்கு ஒரு வரிக் கடிதம் போனது. தரம் போதவில்லை. விலையில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு எழுதவும் இல்லை.

ஏதோ பில் தேடும்போது அக்கா அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. தாளை நீவி, மடித்து, தன் டின்னில் மீட்டருக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்ல ஒரு வார்த்தை போதும், முதலாளி. ஏன் வேணாம்னு சொல்லத்தான் ஆளு வேணும். அந்த மனுசன் இன்னிக்கும் எது தப்புன்னு தெரியாமத்தான் உட்கார்ந்திருப்பான்."

சந்தோஷமாக இருந்தால் நான் தம்பி. கோபம் வந்தால் முதலாளி. அந்த வாரம் முழுக்க முதலாளியாகவே இருந்தேன்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் கிட்டங்கியில் லாரிக்குக் காத்திருந்த ஒரு மத்தியானம் அவரே ஒரு கதை சொன்னார். இருபத்தொரு வயதில் சுங்கைப் பட்டாணியிலிருந்து பெண் பார்க்க வந்திருக்கிறார்கள். கேசரி சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை. வீட்டில் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்க, அக்கா அண்ணனுடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டார். சண்டைக்கு இல்லை. வேண்டாமென்றால் பரவாயில்லை, காரணத்தை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்பதற்கு. அந்த அம்மாள் மென்று முழுங்கி, பெண் கொஞ்சம் அதிகம் பேசுவதாகப் பட்டது என்றாராம்.

"தேங்க்ஸ்மான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல. மாத்திக்கிறதும் மாத்திக்காததும் நம்ம இஷ்டம்லா."

மாற்றிக்கொள்ளவில்லை என்பது தெரிந்ததே. அடுத்த வருடம் ஒரு லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்றே இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் பிடிக்காததைச் சொல்லிக்கொண்டார்களாம்.

கிழக்குத் திமோர் கிராம்புக்கு வருகிறேன். அக்காவை நினைத்தால் அந்த நூற்றெழுபது மூட்டையும் கூடவே வந்து நிற்கும்.

கோலாலம்பூரில் ஒரு கூட்டம் நடந்தது. உலகத்தின் மிக ஏழை நாடுகளிலிருந்து பொருள் விற்கிறவர்களையும் எங்களைப் போல வாங்குகிறவர்களையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்த கூட்டம். நான் மத்தியானச் சாப்பாட்டுக்காகப் போனேன். அக்கா உண்மையாகவே போனார். மேடையில் ஒரு அதிகாரி, ஏழை நாட்டுச் சரக்குக்குப் பல நாடுகள் வரியே வாங்குவதில்லை, கதவு திறந்தே இருக்கிறது, ஆனாலும் அவர்கள் உள்ளே வரக் காணோம் என்று படம் போட்டு விளக்கினார். பக்கத்திலிருந்த அக்கா என் காதில், "கதவத் திறந்து வச்சா ஆச்சா தம்பி? படி எங்க இருக்குன்னு யாரு சொல்றது?" என்றார்.

அங்கேதான் அந்த அம்மாளைப் பார்த்தோம். கிழக்குத் திமோரில் ஏதோ மலை ஊரில், கிராம்பு பறிக்கிற குடும்பங்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செயலாளர். குட்டையான, அதிகம் சிரிக்காத பெண்மணி. அக்கா அவரை இபு என்று கூப்பிட்டார். மலாயில் ஓர் அம்மாவை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். இந்தோனேசியப் பேச்சு அந்த அம்மாளுக்கு வரும், எங்கள் மலாய் எங்களுக்கு வரும், ஆகவே பேச்சுக்குத் தடை இல்லை. அதுவரை அவர்கள் கிராம்பை அக்கம்பக்கத்து நாட்டுத் தரகர்கள் அள்ளிக்கொண்டு போய், வேறு நாட்டுச் சரக்கோடு கலந்து, வேறு நாட்டுப் பெயரில் விற்றார்கள். கேட்டால், உங்கள் கிராம்பு மட்டம், தனியாகப் போகாது என்பார்கள். முதல் தடவையாக ஒரு கொள்கலனைத் தாங்களே நேராக அனுப்பிப் பார்க்க நினைக்கிறோம், இதுவும் மட்டம் என்று திரும்பினால் சங்கத்தைக் கலைத்துவிட்டு எல்லாரும் தரகரிடமே போய்விடுவார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். நான் வாங்குகிறேன் என்றேன். சாப்பாடும் நன்றாக இருந்தது, விலையும் நன்றாக இருந்தது.

சரக்கு வந்து இறங்கியது. ஒவ்வொரு கோணியின் வாயிலும் ஒரு துணிச் சீட்டு தைத்து, அதில் மையால் தேதி எழுதியிருந்தார்கள். அந்த மூட்டையில் இருக்கிற கிராம்பு மரத்திலிருந்து பறித்த தேதி. எங்கள் தொழிலில் யாரும் அப்படி எழுதுவதில்லை. தொழில் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒவ்வொரு சீட்டையும் படித்துப் படித்துக் குத்தூசியைப் போட்டார்.

பெரும்பாலான மூட்டைகளில் கிராம்பு முதல் தரம். தலை உடையாமல், எண்ணெய் மினுக்கோடு, கடித்தால் நாக்கில் சுருக்கென்று. ஆனால் நடுநடுவே சில மூட்டைகளில் வெளிறிப் போய், தோல் சுருங்கி, புளித்த வாடை. அக்காவின் கணக்கில் அப்படி இருபத்தெட்டு.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எல்லா மூட்டையிலும் எடுத்த மாதிரியை ஒன்றாகக் கொட்டிக் கலந்து, அதன் தரத்தையே மொத்தச் சரக்கின் தரமாக எழுதுவோம். சராசரி. இருபத்தெட்டு மூட்டையின் புளிப்பு அப்போது நூற்றெழுபதுக்கும் வந்துவிடும். மொத்தச் சரக்கும் தரம் இறங்கிவிடும். வாங்குகிறவன் உட்கார்ந்த இடத்தில் பாதி விலை கேட்கலாம். அதில் பொய் எதுவும் இல்லை. காலகாலமாக எல்லாரும் செய்வதுதான்.

சராசரி போட்டு எழுதுங்கள் என்றேன். மூட்டைவாரியாகத்தான் எழுதுவேன் என்றார். பாதி விலையும் எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. பத்து காவான் என்கிற ஊரில் ஒரு மசாலாத்தூள் தொழிற்சாலை எங்களிடம் கிராம்பு எடுக்கும். அவர்கள் முதல் தரத்துக்குத் தனி விலை கொடுப்பார்கள். மட்டம் என்று பாதி விலைக்கு வாங்கி, நூற்று நாற்பத்து இரண்டு மூட்டையை முதல் தரமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று சொல்லவே வேண்டாம். வேறு சர்வேயரைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

"கூப்பிடுங்க, முதலாளி. எங்கிட்ட மட்டும் கையெழுத்து கேட்காதீங்க" என்று டின்னை மூடினார்.

நான்கு நாள் இப்படியே போனது. நான் திமோருக்குப் பதில் போடவில்லை. பதில் போடாமல் இருப்பதும் ஒரு வித்தைதான். நாளாக நாளாக எதிராளி இளகுவான். நியாயமாகச் சொன்னால் அந்த அம்மாள் அந்த நான்கு இரவும் தூங்கியிருக்கமாட்டார். அப்போது அதை நான் நினைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அக்கா ஃபெரிப் படகில் கடல் கடந்து, கடைக்கே வந்தார். கையில் கோயிலில் கொடுக்கிற தினசரிக் காலண்டர், நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டது. என் மேசையில் அதைப் போட்டு, பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். கெட்டுப்போன இருபத்தெட்டு மூட்டைகளின் தேதிகளும் அதில் இருந்தன.

"ஒண்ணொண்ணா பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதல் தேதி சனிக்கிழமை. இரண்டாவது, சனிக்கிழமை. பத்து தேதி பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். எல்லாம் சனிக்கிழமை.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மேசையிலிருந்த போனை எடுத்துத் திமோருக்கு அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாளின் குரல் கேட்டது. சரக்கு நல்லதா கெட்டதா என்று அவர் கேட்கவே இல்லை. கேட்கப் பயம் என்று நினைக்கிறேன். அக்கா நிதானமாக, சனிக்கிழமை சாயங்காலம் பறிக்கிற கிராம்பை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னார். மற்ற நாட்களில் பறித்த மொட்டை அன்று இரவே காம்பு நீக்கிப் பாயில் பரப்பிவிடுவோம். சனிக்கிழமை மட்டும் எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடுவோம். மறுநாள் சர்ச்சில் பூசை. ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலையைத் தொடுவதில்லை. அது அப்படியே மூட்டையில் கட்டிக் கிடக்கும், திங்கள் காலையில் பரப்புவோம்.

பச்சை மொட்டை ஒன்றரை நாள் மூட்டையில் கட்டிவைத்தால் உள்ளே சூடேறிப் புளிக்காமல் என்ன செய்யும்? எனக்கே புரிந்தது.

கெட்டது சனிக்கிழமை மூட்டைகள் மட்டும்தான், அந்த ஒன்றரை நாள்தான் காரணம் என்று அக்கா போனில் சொன்னார். பிறகு அந்த அம்மாள் மெதுவாகச் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. எங்கள் கிராம்பு மட்டம் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், எந்த நாளுடைய கிராம்பு என்று ஒருவரும் சொன்னதில்லை என்றார். அழுதாரா என்று தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் தயங்கி, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்யச் சொல்ல வேண்டுமா, ஊரில் ஒத்துக்கொள்ளமாட்டார்களே என்று கேட்டார்.

அக்கா பதறிப்போனார். நான் பார்த்து அவர் பதறியது அந்த ஒரு தடவைதான். ஞாயிற்றுக்கிழமையை விட வேண்டாம் இபு, சனிக்கிழமை மத்தியானத்தோடு பறிப்பதை நிறுத்துங்கள், பறித்ததைப் பூசைக்குப் போகும் முன் கோணியிலிருந்து கொட்டிப் பாயில் பரப்பிவிடுங்கள், கூரைக்குக் கீழே இருந்தால் போதும், காம்பு திங்கட்கிழமை நீக்கிக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மாள் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் போனை என் பக்கம் நீட்டி, "நீங்க ஒரு வார்த்தை பேசுங்க தம்பி. நாலு நாளா உங்க பதிலுக்குத்தான் காத்திருக்காங்க" என்றார். நான் கையை அசைத்துவிட்டு, வாசலில் லாரி வந்ததா என்று பார்க்க எழுந்து போனேன். லாரி எதுவும் வருவதாக இல்லை.

அன்று மத்தியானம் மூட்டைவாரி ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். நல்ல மூட்டைகளுக்கு முழு விலை. கெட்டதைக் கிராம்பு எண்ணெய் வடிக்கிறவர்களுக்குத் தள்ளி, அந்த விலையைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். தர்மத்துக்குச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். காலண்டரைப் பார்த்த பிறகு, மொத்தமும் மட்டம் என்று எழுதினால் அந்த அம்மாளுக்கு அல்ல, எனக்கே நான் பொய்யனாகத் தெரிவேன் என்று பட்டது. அவ்வளவுதான்.

அடுத்த பருவத்துச் சரக்கு வந்தபோது அக்காவுக்கு முன்னால் நான் கிட்டங்கிக்குப் போய், சீட்டுகளைத் தேடி ஒரு சனிக்கிழமை மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே கையை விட்டு அள்ளினேன். கருஞ்சிவப்பாக, தலை நிமிர்ந்து, எண்ணெய் விரலில் ஒட்டியது. எனக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து அக்கா, கடித்துப் பாருங்கள், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி என்றார். அந்த வருடமும் அந்த அம்மாளுக்கு நன்றி சொல்லச் சொல்லி அக்காவிடம்தான் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். பத்து காவான் தொழிற்சாலைக்காரன் முன்கூட்டியே அடுத்த வருடத்துக்கும் கேட்டுவைத்தான்.

அதற்கப்புறம் அக்காவுக்கு முட்டி வலி. மூட்டைமேல் ஏறி இறங்க முடியவில்லை. மகன் பத்து காவானில் புது வீடு வாங்கி, கூட்டிக்கொண்டு போய்விட்டான். குத்தூசியைக் கொண்டுபோனார். மீட்டரையும்தான். புதிதாக வந்த சர்வேயர் நல்ல பையன். வெள்ளைத் தாள் மட்டும் எழுதுவான். அந்த நிம்மதி எனக்கு ஒரு மாதம்தான் நீடித்தது. பிறகு ஒவ்வொரு சரக்கு இறங்கும்போதும், இது எதனால் இப்படி என்று கேட்க ஆளில்லாமல் கிட்டங்கி வெறிச்சென்றிருந்தது.

இந்த வருடம் வழக்கம்போலத் திமோருக்கு விலை எழுதி அனுப்பினேன். நம் ஆட்கள்தானே, எங்கே போகப்போகிறார்கள் என்ற தைரியத்தில் போன வருட விலையையே எழுதினேன். ஒரு வாரத்தில் பதில் வந்தது. உங்களுக்கு இந்த ஆண்டு விற்க இயலாது, கேட்டு வந்த மூன்று பேரில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று முதல் வரி. வியாபாரத்துக்கு வந்த நாளிலிருந்து நான் எத்தனையோ பேருக்கு இப்படி எழுதியிருக்கிறேன். எனக்கு ஒருவன் எழுதியது இதுதான் முதல் தடவை. காது சூடாகிவிட்டது.

ஆனால் கடிதம் அந்த வரியோடு முடியவில்லை. காரணங்கள் பின்வருமாறு என்று கீழே எண் போட்டு எழுதியிருந்தது. ஒன்று, முதல் வருடம் சரக்கைச் சோதித்த பிறகும் நான்கு நாள் பதில் சொல்லாமல் எங்களைக் காக்கவைத்தீர்கள், இரண்டாம் வருடமும் மூன்று நாள். இரண்டு, நாங்கள் இப்போது மூட்டைவாரியாகத் தரம் பிரித்து அனுப்புகிறோம், உங்கள் விலைக் கடிதத்தில் இன்னும் சராசரித் தரம் என்றே இருக்கிறது. மூன்று, உங்கள் கிராம்புப் பாக்கெட்டில் ஒரு கப்பல் படம் இருக்கிறது, எங்கள் நாட்டின் பெயர் இல்லை. அதற்கும் கீழே: இவற்றைச் சரிசெய்தால் அடுத்த பருவத்தில் மகிழ்ச்சியோடு உங்களுக்கு விற்போம்.

கப்பல் படம் அத்தா ஆசையாகப் போட்டது. அதைப் போய்ச் சொல்லிவிட்டார்களே என்று முதலில் கோபம் வந்தது. பிறகு கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். இந்த நடை எனக்குத் தெரிந்த நடை. மஞ்சள் தாளில் பார்த்துப் பார்த்துச் சலித்த நடை. உடனே பத்து காவானில் அக்காவுக்குப் போன் அடித்தேன். என் உப்பைத் தின்றுவிட்டு எனக்கே எதிராகக் கடிதம் எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அக்கா கடிதத்தைப் படிக்கச் சொன்னார். முழுவதும் படித்தேன். மறுமுனையில் நெடுநேரம் சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நான் எழுதல தம்பி. நான் எழுதியிருந்தா நாலாவது ஒண்ணு இருந்திருக்கும்."

நாலாவது என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் நான் இல்லை. இரண்டு பருவம் அவர்கள் சரக்கை வாங்கி விற்றிருக்கிறேன். கோலாலம்பூர் கூட்டத்துக்குப் பிறகு அந்த அம்மாளிடம் நானாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

போனை வைத்துவிட்டு, பாக்கெட் அச்சடிக்கிறவரைக் கூப்பிட்டு, கப்பல் இருக்கட்டும், அதற்குக் கீழே கிழக்குத் திமோர் என்று பெரிய எழுத்தில் போட்டு மாதிரி அனுப்பச் சொன்னேன். விலைக் கடிதத்தில் சராசரி என்ற சொல்லை அடித்தேன். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுத் திமோருக்கு நானே அடித்தேன். அந்த அம்மாள்தான் எடுத்தார். யார் என்று கேட்டார். சொன்னேன். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மூன்றில் எது புரியவில்லை என்று கேட்டார்.

மூன்றும் புரிந்தது இபு, நாலாவதற்காகத்தான் கூப்பிட்டேன் என்றேன்.